ஏழாம் பெட்டி காலி

"நான் திருடனா? சொல்லுங்க, நான் திருடனா? முப்பத்தோரு வருஷமா இந்தக் கண்ணாடியத் தொடச்ச கை இது!"

"தொடச்சீங்க, யாரு இல்லேன்னது? உள்ள ஒண்ணுமே மிச்சமில்லாம தொடச்சிட்டீங்க!"

"சாவி என்கிட்ட இருந்தா நான்தான் எடுத்தேன்னு அர்த்தமா? உங்க பல்செட் காணாமப் போனப்ப, கூடவே படுத்திருந்த உங்க சம்சாரத்தையா போலீஸ்ல பிடிச்சுக் குடுத்தீங்க?"

"என் பல்ல இதுல இழுக்காதீங்க!"

இந்த இடத்தில் இரண்டு வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். அவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். காலை ஒன்பது மணிக்கு நாட்டிய நாடகம் என்று வாசலில் எழுதியிருந்ததை நம்பித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெகால்வாங்கி ஊர்ப் பண்பாட்டு அருங்காட்சியகத்தில் அந்த நாடகம் நின்றுபோய் ஆறு வருஷமாகிறது. பலகையை எடுக்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

கத்தியவர்களில் குட்டையாக, வேர்த்து வழிந்துகொண்டிருந்த பல்செட்காரர் காப்பாட்சியர் தார்சனா. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டே கத்தியவர் காவலாளி ரிஞ்சின். இருவருக்கும் நடுவே ஏழாம் நம்பர் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் மஞ்சள் பட்டு மெத்தை. மெத்தையில், இருநூறு வருஷப் பழசான ஏழு நெளிவுள்ள ஒரு கிரிஸ் கத்தி படுத்திருந்த பள்ளம் மட்டும் இருந்தது. கத்தி இல்லை.

"மணி ஒன்பதே கால்," என்றார் தார்சனா. "ஒரு மணிக்குத் தலைநகர் டென்பசார்லேருந்து பண்பாட்டுத் துறை அதிகாரிங்க வர்றாங்க. அவங்க இந்தப் பெட்டிக்கு முன்னால நிக்கிறப்ப உள்ள கத்தி இருக்கணும். இல்லேன்னா போலீசுக்கு ஃபோன் போடுவேன். நீங்க ஜீப்புல ஏறுவீங்க."

அந்த நேரத்தில்தான் ரிஞ்சினின் மகன் கொமாங் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினான். பின்னால் இருந்து கெர்த்தி இறங்கினாள்.

கெர்த்தியைத் தெரியாதவர்களுக்கு: பைக் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில், விபத்து நிஜமா நடிப்பா என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பன்னிரண்டு வருஷம் பார்த்தவள். ஒருவன் நொண்டுகிற நொண்டலைப் பார்த்தே எந்தக் காலில் அடி, எந்தக் காலில் ஆசை என்று சொல்லிவிடுவாள். இப்போது செல்ஃபோன் பழுதுபார்க்கும் கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து, 'துப்பறியப்படும்' என்று பலகை மாட்டியிருக்கிறாள். கொமாங் அவளுடைய உதவியாளன். வயது முப்பத்து நான்கு. வாய்க்குப் பூட்டுக் கிடையாது, கல்யாணம் ஆகவில்லை. இரண்டில் முதலாவதை ஊர் பொறுத்துக்கொண்டது. இரண்டாவதைப் பற்றி வாரத்துக்கு ஒருமுறை ஊர்க்கூட்டம் போடாத குறைதான்.

"டிக்கெட்," என்றாள் கவுண்டரில் இருந்த சுதர்மி.

"நான் ரிஞ்சின் பையன்," என்றான் கொமாங்.

"அதான் டிக்கெட் கேக்கறேன். உங்கப்பா இருக்கிற எடத்துல பொருள் காணாமப் போகுதாமே."

இந்த சுதர்மி பங்லியிலிருந்து வந்து நான்கு மாதமாகிறது. இந்த நான்கு மாதத்தில் கொமாங் பதினேழு முறை அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கிறான், பதினேழு முறையும் டிக்கெட் வாங்கியிருக்கிறான். அவனுக்குப் பண்பாட்டின் மேல் திடீரென்று வந்த இந்தப் பற்றைப் பற்றிச் சந்தையில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். அது இப்போது வேண்டாம்.

கெர்த்தி பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "பூட்டு உடையல. சாவி எங்க வெப்பீங்க அண்ணே?"

"சுவத்துல இருக்கே சாமி மாடம், அங்கதான்," என்றார் ரிஞ்சின். "சாமிகிட்டேருந்து எவன் எடுப்பான்?"

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஊர்க்காரங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

"எட்டு மணிக்குத் தொறந்தீங்க. அப்புறம்?"

"எட்டேகாலுக்கு ஒரு காப்பி. எட்டே முக்காலுக்கு வந்தேன்."

"அரை மணி நேரம் காப்பியா?"

"சூடா இருந்துச்சும்மா."

"இந்தக் கத்தி யார் வீட்டுது?"

தார்சனா தொண்டையைச் செருமினார். இந்தப் பிரிவில் மொத்தம் இருபத்தாறு கிரிஸ்கள். எல்லாமே ஊர்க் குடும்பங்கள் கொடுத்து வைத்தவை. பெயர் எழுதினால் யார் வீட்டுக் கத்தி நீளம் என்று தெருச்சண்டை வரும் என்பதால், ஆரம்பித்து வைத்த பெரியவர் நம்பர் மட்டும் போட்டார். பெயரெல்லாம் ஒரு பேரேட்டில் இருந்தது. பேரேட்டைக் கரையான் படித்து முடித்துவிட்டது.

"எங்க வீட்டுது ஒன்பது," என்றார் ரிஞ்சின், கண்ணாடி நெற்றியில் இருக்க, தவறாக எட்டாம் பெட்டியைக் காட்டி. "மத்தது எது யாருதுன்னு அந்தந்த வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும்."

கொமாங் ஒன்பதாம் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. எப்போதுமே திரும்ப மாட்டான். ஒன்பது வயதில் அந்தக் கத்தியை உறையோடு எடுத்து இளநீர் வெட்டப் பார்த்தவன் அவன். உறையின் நுனி பிளந்தது. அப்பா செம்புக் கம்பியை ஏழு சுற்றுச் சுற்றிக் கட்டி மறைத்தார். மிச்சக் கம்பி கொமாங்கின் முதுகில் விழுந்தது. அடுத்த வாரமே கத்தி அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது. வீட்டில் இருந்தால் அடுத்து கொமாங் அதில் பலாப்பழம் வெட்டுவான் என்று அவன் அம்மா சொன்னதுதான் காரணம்.

கெர்த்தி கத்தியைத் தேடவில்லை. பெட்டிக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இரண்டு கானாங் தட்டுகள் இருந்தன. தினமும் சாமிக்கும் பூதத்துக்கும் ஸ்கூட்டருக்கும் வைக்கிற, தென்னங்குருத்தில் மடித்த, பூவும் அரிசியும் ஊதுபத்தியும் வைத்த அதே சின்னத் தட்டுகள்தான்.

"ஒண்ணு எங்கம்மா மடிச்சது," என்றான் கொமாங். "கோணலா இருக்கே."

"இன்னொண்ணு?"

"தெரியல."

"அதான் நம்ம ஆளு. எடுக்க வந்தவங்க பூ வெச்சு, ஊதுபத்தி கொளுத்தி, அனுமதி கேட்டுட்டு எடுத்திருக்காங்க."

"மரியாதை தெரிஞ்ச திருடன்க்கா. பிடிச்சா நாமளும் மரியாதையாத்தான் உதைக்கணும்."

இரண்டாவது தட்டில் பூக்களுக்கு நடுவே தங்கக் காகிதம் சுற்றிய ஒரு சாக்லேட் இருந்தது. கொமாங் கை நீட்டினான். கெர்த்தி அந்தக் கையில் ஓர் அடி போட்டாள்.

"சாரத்தைச் சாமி எடுத்துக்கிச்சுக்கா. சக்கைய நான் திங்கக் கூடாதா?"

"தின்னுட்டா தடயம் உன் வயித்துலடா. காகிதத்துல என்ன படம்?"

"கப்பல்."

"எந்தக் கடையிலயாவது இத வித்துப் பாத்திருக்கியா? இது உல்லாசக் கப்பல்ல ராத்திரி பயணிங்க தலகாணி மேல வெக்கிறது. வேலைக்குப் போன புள்ளைங்க அம்மாவுக்குப் பை நிறைய அள்ளிட்டு வரும்."

"நம்ம ஊர்ல பதினோரு வீட்லேருந்து கப்பலுக்குப் போயிருக்காங்க."

"இப்பக் குருத்தப் பாரு. மூங்கில் குச்சி குத்தல. ஸ்டேப்ளர் அடிச்சிருக்கு. சந்தையில வாங்குனது. சாக்லேட் மட்டும் வீட்லேருந்து. ஒரு பொம்பள தினம் வெக்கிற தட்டக்கூட மடிக்க நேரமில்லாம காசு குடுத்து வாங்கறான்னா, அவ வீட்ல இந்த வாரம் என்ன?"

"விசேஷம்," என்றான் கொமாங்.

அப்போது பக்கத்து அறையிலிருந்து தார்சனா அலறினார். திருமணக் காட்சி வைத்திருந்த அறை அது. மணமகள் பொம்மை பொன் பூவெல்லாம் சூடி அப்படியே இருந்தது. மணமகன் பொம்மை மட்டும் மொட்டைத் தலையோடு நின்றது. தலைத்துணியைக் காணோம்.

"இடுப்புத் துணிய விட்டுவெச்சாங்களே," என்றான் கொமாங். "அதிகாரிங்க குடும்பத்தோட வந்தா என்ன ஆயிருக்கும்?"

கெர்த்தி மொட்டைத் தலையை வெகுநேரம் பார்த்தாள். "ஒரு கிரிஸ். ஒரு மாப்பிள்ளைத் தலைத்துணி. இன்னிக்கு என்ன நாளு கொமாங்?"

"கல்யாண நாளு. பஞ்சாங்கத்துல இதவிட்டா எட்டு மாசத்துக்கு நல்ல நாள் இல்லையாம். எனக்கே மூணு பத்திரிகை வந்துச்சு."

"போகலயா?"

"போனா சோறு போடறதுக்கு முன்னாடி 'உனக்கு எப்போ'ன்னு கேப்பாங்க. சோறு போட்டப்புறம் 'இன்னுமா'ன்னு கேப்பாங்க. நடுவுல திங்க விட மாட்டாங்க."

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து மூன்று பத்திரிகைகளும் கசங்கி வெளியே வந்தன. ஒரு மாப்பிள்ளை வாத்தியார். இன்னொருவன் வாத்துப் பண்ணை. மூன்றாவது, மேற்குத் தெரு ருமினியின் மகன் லானுஸ்.

"லானுஸ் கப்பல்லதான இருக்கான்?" என்றாள் கெர்த்தி.

"ஆமா. சமையல்கட்டுல. முந்தாநேத்து ஃபோன் பண்ணினான். கரீபியக் கடல்ல எங்கயோ வெங்காயம் உரிச்சிட்டிருந்தான். கான்ட்ராக்ட்ட மறுபடி நீட்டிட்டாங்களாம்." சொல்லிவிட்டு கொமாங் நின்றான். "அப்ப இன்னிக்கு யாருக்குக்கா கல்யாணம்?"

கெர்த்தி நேராகக் கவுண்டருக்குப் போனாள். "சுதர்மி, காலையில முதல் டிக்கெட் யாருக்கு?"

"ஒரு அம்மாவுக்கு. தலைல பெரிய பூசைக்கூடை. போறப்பவும் தலைல கூடை, திரும்பறப்பவும் கூடை."

"தொறந்து பாக்கலயா?" என்றான் கொமாங்.

"பூசைக்கூடையத் தொறந்து பாக்கணுமா? அப்புறம் கோயில்ல எவ மூஞ்சியில முழிக்கிறது?"

"இத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"யாரு கேட்டா? ரெண்டு பெரிய மனுஷங்களும் பல்லப் பத்திப் பேசிட்டிருந்தாங்க."

கெர்த்தி இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டினாள். கல்யாண வீட்டுக்கு அரைக்கால் சட்டையோடு போக முடியாது என்பதால், சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் சரோங் கைலி ஒன்றை சுதர்மி கொமாங்கிடம் வீசினாள். ஊதா நிறம். ஒவ்வொரு பூவும் ஒரு பூசணிக்காய் அளவு இருந்தது.

"வேற இல்லயா?"

"இருக்கு. இதுதான் உங்களுக்குப் பொருத்தம்."

மணி பதினொன்றே காலுக்கு அவர்கள் மேற்குத் தெருவை அடைந்தார்கள். அதற்குள் வழியில் இரண்டு கல்யாண ஊர்வலங்களும் ஒரு வாத்துக் கூட்டமும் குறுக்கிட்டன. ருமினி வீட்டு வாசலில் தென்னங்குருத்துத் தோரணம் தொங்கியது. உள்ளே பன்றி வாட்டும் வாசனை. பந்தலில் நூறு பேர். நுழைந்ததும் முதல் கேள்வி வந்தது.

"கொமாங்கு! உனக்கு எப்போ?"

"முதல்ல சோறுண்ணே."

மணமேடையில் மணப்பெண் விராஸ்தி உட்கார்ந்திருந்தாள். தலையில் பொன் பூக்கள், முகத்தில் கடுகடுப்பு. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில், வெள்ளையும் மஞ்சளும் துணி சுற்றி, அருங்காட்சியகத்துத் தலைத்துணியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, ஏழு நெளிவுக் கிரிஸ் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு தட்டில் சோறும் குச்சியில் வாட்டிய மீன் சாத்தேயும் வைத்திருந்தார்கள். இன்னொரு பக்கத்தில் ஒருவன் செல்ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதில் லானுஸ், வெள்ளைத் தொப்பியும் கையில் கத்தியுமாக, கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கா வெங்காயத்துக்கா என்று சொல்ல முடியாது.

கொமாங்குக்கு இப்போதுதான் விளங்கியது. மாப்பிள்ளை வர முடியாமல் போனால் அவன் வீட்டுக் கிரிஸை உட்கார வைத்துக் கல்யாணம் செய்வது எங்கள் பக்கத்தில் உண்டு. கத்தி எந்த வீட்டுதோ, பெண் அந்த வீட்டு மருமகள். நாள் தவறிப் போவதைவிடக் கத்தி மேல். கத்தி கான்ட்ராக்ட் நீட்டிக்காது.

"சடங்கு ஆச்சா?" என்று கெர்த்தி பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள்.

"பத்தரைக்கே முடிஞ்சுதே. பொண்ணு பிடிச்சிருக்கற பாயக் கத்தியால குத்தற சடங்குல மாப்பிள்ள என்னமா குத்துனாருங்கறீங்க! ஒரே குத்து. வழக்கமா வர்ற பசங்க கை நடுங்கி நாலு தடவ குத்துவானுங்க."

ருமினி கெர்த்தியைப் பார்த்ததும் முகம் வெளிறினாள். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவளே ஆரம்பித்தாள்.

"ஆமா, நாந்தான் எடுத்தேன். என் மாமனார் குடுத்துவெச்ச கத்தி. எங்க வீட்டு நம்பரு ஏழு. ஒரே ஒரு காலைக்குக் குடுங்கன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேன், அந்தாளு ஒரு பதில் போடல. இவளுக்கு இது மூணாவது தேதி. இதுவும் தப்பினா பொண்ணக் கூட்டிட்டுப் போயிடுவேன்னு அவங்கப்பன் பஞ்சாயத்துல சொல்லிட்டாரு. சாயங்காலம் திருப்பிவெச்சிருப்பேன். கூடையக்கூட உள்ள எடுத்துவெக்கல, வாசல்லயே இருக்கு பாருங்க."

"மூணு தேதிம்மா," என்றாள் விராஸ்தி மேடையிலிருந்தே. "கத்தியோ ஆளோ, இனிமே என்னால காத்திருக்க முடியாது. கத்தியாவது பக்கத்துல உக்காந்துச்சு."

ஃபோனில் லானுஸ் ஏதோ சொன்னான். படம் உறைந்து, வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"இதான் வழக்கம்," என்றாள் விராஸ்தி.

கொமாங்குக்கு நெஞ்சு லேசானது. கத்தி கிடைத்துவிட்டது. மணி பதினொன்றரை. அப்பா ஜீப்பில் ஏற வேண்டாம். "மாப்பிள்ளைய ஒரு நிமிஷம் தூக்கிக்கலாமா?" என்று கேட்டபடி கிரிஸைக் கையில் எடுத்தான். மஞ்சள் துணி கொஞ்சம் விலகியது.

உறையின் நுனியில் செம்புக் கம்பி. அவன் எண்ணினான். ஏழு சுற்று.

கொமாங்கின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. இந்த ஊரில் முப்பத்து நான்கு வருஷத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. கெர்த்தி கவனித்துவிட்டாள். அவனைப் பன்றி வாட்டும் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப் போனாள்.

"என்னடா?"

"அக்கா. இது ஏழு இல்ல. ஒன்பது. எங்க வீட்டுக் கத்தி."

கெர்த்தி கம்பியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "ஏழாம் பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சு?"

"தும்பெக் லாண்டெப் அன்னிக்கு இரும்புச் சாமானுக்கெல்லாம் பூசை போட்டோமில்ல? அப்பதான் அப்பா எல்லாக் கத்தியையும் வெளிய எடுத்து எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சாரு. ரெண்டுக்கும் ஏழு நெளிவு. திருப்பி வெக்கிறப்ப..." அவன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான். அப்பாவின் மூக்குக் கண்ணாடி எப்போதும் இருக்கும் இடம்.

"உங்க வீட்ல கல்யாணமாகாத ஆம்பள யாரு?"

கொமாங் கத்தியைக் கீழே போடப் பார்த்தான்.

"பத்தரைக்கு உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுடா," என்றாள் கெர்த்தி. அவள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டைப் பன்றி வாட்டியவன் பார்த்தான், பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான்.

"சிரிக்காதீங்கக்கா. இது எங்க வீட்டுக் கத்தின்னு நான் வாயத் தொறந்தா, மாத்தி வெச்சது அப்பான்னு ஆயிடும். திருடன்னு போக இருந்தவரு, கண்ணு தெரியாத காவலாளின்னு போவாரு. எப்படியும் வேலை போகும். வாயத் தொறக்கலேன்னா அந்தப் பொண்ணு என் சம்சாரம். அவளுக்கே தெரியாது. லானுஸ் வந்து என் சம்சாரத்தோட குடித்தனம் பண்ணுவான். நான் அவனுக்கு மொய் வேற வெக்கணும்."

"சுதர்மிக்கு என்ன பதில் சொல்லுவ?"

"அவளுக்கு எதுக்கு நான் பதில் சொல்லணும்?"

"பதினேழு டிக்கெட்," என்றாள் கெர்த்தி. "பூசாரி எங்க?"

பூசாரி லாவார் கூட்டை மென்றுகொண்டிருந்தார். கெர்த்தி அவர் காதில் ஐந்து நிமிஷம் பேசினாள். அவர் மெல்லுவதை நிறுத்தினார். கொமாங்கைப் பார்த்தார். மறுபடி மென்றார்.

"கத்திய எடுக்கறப்ப அதுகிட்ட அனுமதி கேட்டாங்க, சரி," என்று அவர் பந்தலுக்கு வந்து உரக்கச் சொன்னார். "அது தங்கியிருந்த எடத்துகிட்டக் கேக்கல. அதனால கத்திக்கு மனசு சரியில்ல. இந்தச் சடங்கு செல்லாது. முறைப்படி அனுமதி வாங்கிட்டு மறுபடியும் செய்யணும். சூரியன் சாயறதுக்குள்ள வந்தா இந்த நாளே போதும்."

விராஸ்தியின் அப்பா எழுந்தார். "மறுபடியுமா? நாலாவது தேதியா?"

"தேதி இல்ல, நேரந்தான்," என்றார் பூசாரி. "ரெண்டு மணி. பன்னி மிச்சமிருக்கில்ல? உக்காருங்க."

பன்றி மிச்சமிருந்தது. அவர் உட்கார்ந்தார்.

கொமாங் அன்று ஸ்கூட்டரை ஓட்டிய ஓட்டத்தில் வாத்துக் கூட்டம் தானாக ஒதுங்கியது. பன்னிரண்டே முக்காலுக்கு அருங்காட்சியக வாசலில் நின்றார்கள். கெர்த்தி நேராகத் தார்சனாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தும்போது கொமாங்குக்குப் பத்து விரலைக் காட்டினாள். பத்து நிமிஷம்.

"கத்தி கிடைச்சுதா?" என்றார் தார்சனா.

"ஐயா காப்பி குடிக்கறீங்களா?" கெர்த்தியின் கண் மேஜையில் இருந்த டம்ளரில் நின்றது.

"கத்தி!"

"உங்க காப்பி டம்ளரக் கொஞ்சம் தூக்குங்க."

தார்சனா தூக்கினார். அடியில் மூன்று கடித உறைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. பிரிக்காதவை. மேலே வட்டம் வட்டமாகக் காப்பிக் கறை. மேலுறையில் 'ஏழாம் நம்பர் கிரிஸ், ஒரு நாளுக்கு மட்டும், ருமினி, மேற்குத் தெரு' என்று தேதியோடு குண்டு எழுத்தில் இருந்தது.

"முதல்ல வந்தது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி," என்றாள் கெர்த்தி. "டம்ளர் வெக்கக் கொஞ்சம் உயரம் பத்தலேன்னு ரெண்டு, மூணுன்னு அடுக்கிட்டீங்கபோல. ஒரு மணிக்கு அதிகாரிங்க வர்றாங்க. ஏழாம் பெட்டிய முதல்ல காட்டட்டுமா, இந்த மேஜைய முதல்ல காட்டட்டுமா?"

வெளியே ரிஞ்சின் மகனின் கையைப் பார்த்தார், செம்புக் கம்பியைப் பார்த்தார், நெற்றியைத் தடவிக் கண்ணாடியைக் கீழே இறக்கினார். அந்தப் பூசைக்கு அப்புறம் முதல் தடவையாகப் பெட்டிகளை ஒழுங்காகப் பார்த்தார்.

"ஐயையோ," என்றார். "இதுதான் நம்மளுது."

"கல்யாண வாழ்த்து அப்புறம் சொல்லுங்கப்பா. முதல்ல ஒன்பதத் தொறங்க."

ஒன்பதில் இருந்தது ஏழுக்குப் போனது. ஏழாக இருந்தது ஒன்பதில் படுத்தது. கவுண்டரிலிருந்து சுதர்மி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரிகளின் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் வாசலில் அவர்களை மறித்தாள்.

"டிக்கெட்."

"நாங்க துறையிலேருந்து வர்றோம்."

"சரி. அஞ்சு பேரா? எண்ணிக்கறேன். மெதுவா ஏறுங்க. கையெழுத்துப் போடுங்க. இன்னொரு பேனா தேடறேன்."

அவர்கள் உள்ளே வந்தபோது ஏழாம் பெட்டியில் கத்தி இருந்தது. தார்சனாவும் இருந்தார், பிழிந்த துணி மாதிரி ஒரு புன்னகையோடு. பக்கத்தில் கெர்த்தி.

"ஐயா ஒரு பெரிய காரியம் பண்றாரு," என்றாள் கெர்த்தி அதிகாரிகளிடம். "இந்தக் கத்திய இன்னிக்கு ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையா அனுப்பறாரு. பண்பாடு பெட்டிக்குள்ள மட்டும் இருந்தாப் போதாதுங்கறாரு."

அதிகாரிகளில் மூத்தவர் தார்சனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இத்தனை வருஷத்துல இப்படி யோசிச்ச முதல் ஆளு நீங்கதான்."

"நான்... பொதுவாவே..." என்றார் தார்சனா.

"விருந்து உண்டா?"

"பன்னி வாட்டியிருக்காங்க," என்றான் கொமாங். அதற்கப்புறம் ஐந்து பேரும் வேறு எந்தப் பெட்டியையும் பார்க்கவில்லை.

அரசாங்க வண்டியில், ரிஞ்சினின் மடியில், முறையான கையெழுத்தோடு உண்மையான மாப்பிள்ளை போனார். பொம்மையின் தலைத்துணியையும் கையோடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மணிக்குப் பூசாரி முதல் சடங்கை அவிழ்க்க ஒரு வாத்தையும் ஐந்து வகைப் பூவையும் கேட்டார். பிறகு விராஸ்திக்கு அன்று இரண்டாவது தடவையாகக் கல்யாணம் நடந்தது. பாய் குத்தும் இடத்தில் புதுக் கத்தி கொஞ்சம் சறுக்கியது. முதல் மாப்பிள்ளைதான் கெட்டிக்காரன் என்று பந்தலில் யாரோ சொன்னார்கள். கொமாங் குனிந்து லாவாரைத் தின்றான்.

ரிஞ்சின் இன்றைக்கும் அங்கேதான் காவலாளி. சாவியை இப்போது மாடத்தில் வைப்பதில்லை, மாடத்துக்குப் பின்னால் வைக்கிறார். தார்சனாவுக்குத் துறையில் விருது கொடுத்தார்கள், அதை டம்ளருக்கு அடியில் வைக்கக்கூடாது என்று சுதர்மி எழுதி ஒட்டினாள். நடந்தது என்ன என்பதைப் பூசாரி தன் மனைவியிடம் மட்டுமே சொன்னார். அந்த அம்மாளும் யாரிடமும் சொல்லவில்லை, சந்தையில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேரைத் தவிர.

லானுஸ் ஐந்தாம் மாதம் கப்பலிலிருந்து இறங்கினான். விராஸ்தி அவனை வெங்காயம் தொட விடாமல் சிங்கராஜா நகரத்துக்குக் கூட்டிப் போய் அங்கே காப்பிக் கடை போட்டாள். கடைச் சுவரில் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறாள். அதில் அவளும் ஒரு கத்தியும்.

கொமாங் அடுத்த நல்ல நாளில் சுதர்மியைக் கட்டினான். அவன் அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஏற்கெனவே ஒரு மணமாகி விலகிய பையன் என்பதால் அதிகம் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டாள். மாப்பிள்ளையை நேரில் வரச் சொல்லி சுதர்மி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒன்பதாம் நம்பர் கிரிஸை மட்டும் பந்தலுக்கு அழைக்கவில்லை. பாய் குத்துவதற்குக்கூடக் கெர்த்தி வீட்டுக் கத்தியை இரவல் வாங்கிக்கொண்டார்கள். ஒரு தடவை யாருக்கும் சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்ட கத்தியை நம்ப முடியாது என்று மணப்பெண் சொன்னாளாம்.

கொமாங் நாலு தடவை குத்தினான்.